பெட்ஜ் இரவில் எங்கே படுக்கும்?

திங்கட்கிழமை நீங்கள் மூன்று பேரும் வேலைக்கு வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். மலைநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்திருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். எக்ஸ்ரே மெஷினைப் பற்றி உங்களுக்குப் படிப்பித்தவர்கள் எல்லாம் சொல்லியிருப்பார்கள். மிச்சத்தைப் பரீனா ராத்தா சொல்லித் தருவார்; ராத்தா என்றால் அக்கா, நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் தன் வாயால் சொல்ல மாட்டாத ஒன்றை மட்டும் நான் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"எழுது தம்பி. ஆனா என்னைய அழுமூஞ்சியா எழுதிடாத" என்றார்.

அழுதார்தான். ஆனால் ஒரே ஒரு தடவை.

முதல் நாள் உங்கள் கையில் ஒரு பெட்ஜ் தருவார்கள். தீப்பெட்டியை விடச் சின்னது, பிளாஸ்டிக், பின்னால் ஒரு கிளிப். உங்கள் பெயர் இருக்கும். அதைச் சட்டையில் குத்திக்கொண்டால் ஏதோ கவசம் போட்டது போல ஒரு தெம்பு வரும். எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அச்சடித்த பெயரோடு ஒரு சாமான் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தரம். அப்போது அம்மா வெள்ளவத்தையில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தார். கிருலப்பனையில் எங்கள் வாடகை அறைக்கு வந்ததும் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தார்.

"இது உன்னைய காப்பாத்துமா சாமி?"

"இல்லம்மா. எம்மேல எவ்வளவு கதிரு பட்டிச்சின்னு மட்டும் புடிச்சி வச்சிக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அனுப்பிப் பார்ப்பாங்க."

அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது காவக்காரன் இல்ல. கணக்கப்புள்ள."

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பெயர் பதிகிற கணக்கப்பிள்ளையைத்தான் அம்மா சொன்னார். நான் சிரித்துவிட்டேன். எனக்கு அந்தப் பேச்சு பிறகு உதவியது.

அந்தக் காலத்தில் இந்த வெள்ளவத்தை எக்ஸ்ரே நிலையத்தில் ரேடியோகிராபர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், பரீனா ராத்தாவும் நானும். என்னை இன்னும் நிரந்தரமாக்கியிருக்கவில்லை. நான் மலைநாட்டுப் பேச்சோடு வந்தவன், ராத்தா கிராண்ட்பாஸ்காரர். "வெள்ளவத்தைத் தண்ணியக் குடிச்சு இவன்ட ஆமாங்க எல்லாம் ஓமாப் போச்சு" என்று வருகிற போகிற எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார். சின்னப் பிள்ளைகளுக்குப் படம் எடுப்பதில் அவருக்கு நிகர் ஆள் இல்லை. நெஞ்சுப் படத்துக்குப் பிள்ளை துள்ளினால், தாய் பயந்து நின்றால், அவரே ஈய அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளையைப் பிடித்துக்கொள்வார். அது நல்ல பழக்கமில்லை என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு நாளும் உள்ளே நிற்பவர் பிடிக்கக் கூடாது. வீட்டிலிருந்து வந்த ஆள்தான் பிடிக்க வேண்டும். ராத்தாவுக்கும் தெரியும். நெருக்கடியில் செய்துவிடுவார்.

கலியாணம் முடித்துப் பல வருசம் காத்திருந்த பிறகு அவர் வயிற்றில் பிள்ளை தங்கியது. அது தெரிந்த அன்றே மனேஜரிடம் போய்ச் சொன்னார். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்வது நம் சனங்களுக்குப் பழக்கமில்லை. கண்படும் என்று பயப்படுவோம். ராத்தா சொன்னார், ஏனென்றால் சொல்ல வேண்டிய வேலை இது. அன்று முதல் அவர் உள்ளே நின்று யாரையும் பிடிக்கவில்லை. சுவருக்குப் பின்னால் நின்று பொத்தானை அமத்துவார். பிடிக்கிற, தூக்குகிற வேலையெல்லாம் என்னுடையது.

இரண்டு மாதம் முடிந்து பெட்ஜ்கள் போயின. சில நாளில் கதிர்வீச்சைக் கண்காணிக்கிற அரச அலுவலகத்திலிருந்து மனேஜருக்குப் போன் வந்தது. என் பெட்ஜ் வழக்கம் போல. பரீனா ராத்தாவின் பெட்ஜில் மட்டும், கர்ப்பிணியான ஊழியர் ஒருவருக்கு வரவே கூடாத அளவு. நாளைக்குக் காலையில் அதிகாரி ஒருவர் வருவார் என்றார்கள்.

ராத்தாவுக்கு இதைச் சொன்ன நேரம் வெளியே நோயாளிகள் இருந்தார்கள். அவர் இருந்த வேலையை முடித்தார். கடைசி ஆள் போன பிறகு, கடற்கரை ரயில் போகிற பக்கத்திலுள்ள ஒடுங்கிய நடையில் வந்து நின்றார். நானும் போனேன். ரயில் ஒன்று போய் முடிந்ததும் கேட்டார்.

"தம்பி, நான் எப்பயாச்சும் மறந்து உள்ளுக்கு நிண்டனா? நீ கண்டியா?"

நான் உடனே, "ஒண்டும் ஆகாது ராத்தா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேஷண்டுக்குச் செல்ற மாதிரி எனக்குச் செல்லாத. நான் கேட்டதுக்குப் பதில் செல்லு."

இந்த இடத்தை மட்டும் நீங்கள் திரும்ப ஒருக்கா வாசியுங்கள். "ஒன்றும் ஆகாது" என்பது எங்கள் தொழிலில் எல்லாருடைய வாயிலும் இருக்கிற மருந்து. பெரும்பாலும் உண்மையும்தான். ஆனால் கேட்டவர் கேட்டது வேறு. தன் நினைவைத்தான் அவர் நம்ப முடியாமல் நின்றார். எத்தனையோ வருசம் பிள்ளைகளைப் பிடித்த கை. ஒரு நாள் பழக்கத்தில் தன்னை அறியாமல் உள்ளே போய்விட்டதோ என்று தன்னையே சந்தேகப்படுகிறவரிடம், ஒன்றும் ஆகாது என்றால், நீ செய்திருக்கலாம், ஆனாலும் பரவாயில்லை என்றுதான் அர்த்தம்.

"நான் காணேல்ல ராத்தா" என்றேன். "நான் நிண்ட நேரத்தில நீங்க உள்ள போகவே இல்ல."

"நீ சாப்பிடப் போன நேரம்?"

அந்த நேரத்துக்கு நான் சாட்சி இல்லை. அப்போதுதான் அழுதார். சத்தமில்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. பிறகு முக்காட்டைச் சரி செய்துகொண்டு, மனேஜர் இரண்டு பேரையும் கூப்பிடுகிறார், வா என்றார்.

மனேஜர் கெட்ட மனிதரில்லை. நிலையத்தில் வேலை செய்கிற அத்தனை குடும்பத்துச் சோற்றையும் தலையில் சுமந்தவர். அவர் பயந்த பயம் வேறு: மெஷின் ஒழுகுகிறது என்று வந்தால் கதவைப் பூட்ட வேண்டும். அவர் கணக்கை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மெஷின் பிழை என்றால் பக்கத்தில் நின்ற என் பெட்ஜிலும் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஆகவே மெஷின் சரி. அப்படியானால் என் பெட்ஜ் இல்லாத ஏதோ ஓர் இடத்தில் ராத்தாவின் பெட்ஜ் நின்றிருக்கிறது. அந்த இடம் உள்ளறை.

ராத்தா மறுத்துப் பேசவில்லை. அவரே தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மனேஜர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அவ பிள்ளையளைப் பிடிக்கிறதை நீர் கண்டனீர்தானே. நாளைக்கு அந்த மிஸ் கேட்டா அதை மட்டும் சொன்னாப் போதும். அவவை ஒருத்தரும் குற்றம் சொல்ல மாட்டினம். விஷயம் முடிஞ்சிடும்."

அவர் கேட்டது பொய் இல்லை. பழைய காலத்தில் நான் கண்டதுதான். எந்த மாதம் என்று சொல்லாமல் விட்டால் போதும். என்னை நிரந்தரமாக்குகிற கையெழுத்து அவருடையது. அம்மாவை அடுத்தவர் வீட்டுச் சமையலறையிலிருந்து எடுக்க வேண்டும் என்ற ஆசை என்னுடையது. அவருடைய கணக்கில் ஓட்டை எங்கே என்றும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். ஓட்டை தெரியாத நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். நான் சொன்னது இவ்வளவுதான்:

"சேர், பிள்ளை தங்கினதுக்குப் பிறகு நான் காணேல்ல. அதையும் சேர்த்துத்தான் சொல்லுவன்."

அவர், "சரி, போம்" என்றார். நல்ல வேளை, அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். அவரும் ஒரு தகப்பன்.

மறுநாள் வந்த அதிகாரி என்னை விட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். சிங்களப் பெண், தமிழ் விளங்கும், கொஞ்சம் கதைப்பார். தோளில் ஒரு பை, கையில் கதிர்வீச்சை அளக்கிற மீட்டர். மனேஜர் கதையைத் தொடங்க முதலே மீட்டரைப் போட்டுவிட்டார். மெஷின் ஓய்ந்து கிடக்கிற அறையில் அது டிக், டிக் என்று இடைவெளி விட்டு அடித்தது. மனேஜரின் முகம் வெளுத்தது.

அதிகாரி சிரித்துவிட்டு, இது வெளியே காலி வீதியிலும் இப்படித்தான் அடிக்கும் என்றார். அடிக்காத இடம் உலகத்தில் இல்லை. நிலத்திலிருந்து வருகிறது, கல்லிலும் செங்கல்லிலும் இருக்கிறது, வானத்திலிருந்து விழுகிறது, நாம் தின்கிற வாழைப்பழத்தோடும் கிழங்கோடும் உடம்புக்குள் போய் எலும்பிலும் தசையிலும் இருக்கிறது. மலைநாட்டில் வானத்திலிருந்து விழுவது கடற்கரையை விடக் கொஞ்சம் கூட. இதெல்லாம் நான் பரீட்சைக்கு எழுதியவை. ஆனால் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டு நிற்கும்போதுதான், என் அம்மா ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தது இந்தத் தூறலுக்குள்தான் என்று தோன்றியது. பரீட்சைத் தாளில் அது தோன்றவில்லை.

மெஷினை இயக்கி, சுவருக்குப் பின்னால், கதவிடுக்கில், ராத்தா நிற்கிற இடத்தில் எல்லாம் அளந்தார். எல்லாம் சரி. மனேஜர் பெருமூச்சு விட்டார். ராத்தா உட்கார்ந்திருந்த கதிரையில் இன்னும் ஒடுங்கினார். மெஷின் சரி என்றால் பிழை யாருடையது என்பதுதான் மிச்சம்.

அதிகாரி ராத்தாவுக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீங்கள் உள்ளே நின்றீர்களா என்றுதான் கேட்பார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் கேட்டது:

"உங்கட பெட்ஜ் இரவில எங்க படுக்கும்?"

ஒருவருக்கும் விளங்கவில்லை. நிலையத்தில் பெட்ஜ் மாட்ட ஒரு பலகை இருந்தது. வெள்ளையடித்தபோது கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு கலண்டர் தொங்கியது. அதிலிருந்து எல்லாரும் பெட்ஜை வீட்டுக்குக் கொண்டுபோகத் தொடங்கியிருந்தோம். என்னுடையது கிருலப்பனையில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில். ராத்தாவினுடையது அவருடைய கைப்பை வாரில், மறக்காமல் இருக்க.

அந்த நேரம்தான் அம்மாவின் கணக்கப்பிள்ளை எனக்கு ஞாபகம் வந்தார். கணக்கப்பிள்ளை தான் நிற்கிற மலையில் நிறுக்கிற கொழுந்தைத்தான் பதிவார். உன் பெயர் போட்ட ஏட்டோடு அவர் வேறு மலையில் நின்றால், அங்கே நிறுத்தது உன் பெயரில் விழும். நாங்கள் எல்லாரும் ராத்தா எங்கே நின்றார் என்று ஓர் இரவு முழுக்க யோசித்தோம். பெட்ஜ் எங்கே நின்றது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அதிகாரியும் ராத்தாவும் நானும் ஒரு த்ரீவீலில் கிராண்ட்பாஸுக்குப் போனோம். அதிகாரியின் மடியில் மீட்டர் டிக் டிக் என்று வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், இரண்டு முறை பார்த்தார், பிறகு, "மிஸ், அது என்ட மீட்டர விட வேகமா ஓடுதே" என்றார். அன்றைக்கு ராத்தாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது அப்போது மட்டும்தான். அதுவும் ஒரு பாதிச் சிரிப்பு.

ராத்தாவின் புருசன் வீட்டாருக்குக் கீழே ஹார்ட்வெயார் கடை, மேலே வீடு. மாமியார் எங்களைக் கண்டதும் முதலில் மருமகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மீட்டரைப் பார்த்தார். விஷயம் அவருக்கு முதல் நாளே தெரியும். இரவு முழுக்க ஓதிக்கொண்டிருந்திருக்கிறார். இருந்தாலும், "இரிங்க, இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டு மறுகா உங்கட வேலையப் பாருங்க" என்று உட்கார வைத்தார். அதிகாரி மறுக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கேட்டார், பை எங்கே வைப்பீர்கள் என்று. வந்த உடனே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த வீடு எங்களிடம் வாய் திறந்திருக்காது.

மாமியார் ஹாலில் தலைக்கு மேல் சுவரில் அடித்திருந்த ஒரு தட்டைக் காட்டினார். முதலில் பை கதவுக்குப் பின்னால்தான் தொங்கியதாம். பிள்ளை தங்கியது தெரிந்ததும் மாமியார் மருமகளின் பைக்குள் பிரார்த்தனைகள் எழுதிய ஒரு சின்ன துஆ கிதாபை வைத்துவிட்டார், போகிற வருகிற இடத்தில் காவலாக இருக்க. ஓதுகிற கிதாபு உள்ளே இருந்தால் பையை நிலத்தில் வைக்க ஏலாது, காலுக்குக் கீழே வைக்க ஏலாது. அதிலிருந்து, வேலையால் வந்ததும் ராத்தாவின் கையிலிருந்து பையை மாமியாரே வாங்கி, வீட்டில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அந்தத் தட்டில் வைப்பார். தட்டில் ஒரு பழைய காட்போட் பெட்டி இருந்தது. பை அந்தப் பெட்டிக்கு மேலே.

அதிகாரி மீட்டரை உயர்த்தினார். டிக், டிக் என்றிருந்த சத்தம் நெருங்கி நெருங்கி, சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

பெட்டிக்குள் மேன்டில். காற்றடித்துக் கொளுத்துகிற பெரிய லாம்புகளுக்குள் சின்னப் பை மாதிரித் தொங்கி வெள்ளையாக எரியுமே, அந்த வலை. இந்தக் கடை ஒரு காலத்தில் கலியாண வீடு, சாவு நடந்த மையத்து வீடு எல்லாவற்றுக்கும் லாம்பு வாடகைக்குக் கொடுத்த கடை. மாமியாரின் புருசன் மௌத்தாகிக் கண்மூடும் முன் கடைசியாக இறக்கிய சரக்கு அது. விற்கவும் இல்லை, எறியவும் மனம் வரவில்லை. பழைய மேன்டில்களில் நல்ல வெளிச்சம் வர தோரியம் என்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். அது நிலத்திலும் கடற்கரை மணலிலும் இருக்கிற இயற்கைப் பொருள்தான், கதிர் விடும். ஒன்றிரண்டு கிடந்தால் பெரிதில்லை. ஒரு பெட்டி நிறைய, அதற்கு மேலேயே இரவிரவாகப் படுத்திருந்தது பெட்ஜ்.

எனக்குக் கால் தரையில் பட்டது போல இருந்தது. ராத்தா உள்ளே நிற்கவில்லை. ராத்தாவின் நினைவு சரி.

ஆனால் அந்த அறையில் வேறு ஒருவர் உடைந்தார். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான்தானே வெச்சேன். என்ட கையால நான்தானே ஒவ்வொரு நாளும் வெச்சேன்."

என் வாய்வரை "ஒண்டும் ஆகாது உம்மா" வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். முதல் நாள் பட்டிருந்தேனே. அதிகாரியைப் பார்த்தேன். அவரும் அதைச் சொல்லவில்லை. "பய வென்ன எபா அம்மே", பயப்படாதீர்கள் அம்மா என்று மட்டும் சிங்களத்தில் சொல்லி, மீட்டரை மாமியாரின் கையில் கொடுத்துவிட்டார்.

கொடுத்துவிட்டு என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார்: தட்டிலிருந்து உங்கள் மருமகள் படுக்கிற கட்டில்வரை இதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடங்கள். காதால் கேளுங்கள்.

மாமியார் மீட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொடங்கினார். தட்டுக்குக் கீழே கடுகு வெடித்தது. ஓரடி வைத்தார். வெடிப்பு குறைந்தது. அவர் நின்று, மீட்டரைக் காதோரம் கொண்டுபோனார். இன்னும் ஓரடி. மழை விட்டு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி ஆனது. ஹாலைத் தாண்டி அறை வாசலுக்குப் போவதற்குள், காலையில் எங்கள் நிலையத்தில் கேட்ட அதே டிக், டிக். கட்டிலுக்கு வந்தார், அதேதான். தலையணைக்கு மேலே பிடித்தார். அதேதான். நம்பவில்லை. திரும்பவும் ஹாலுக்கு நடந்து, தட்டுவரை போய், மறுபடி கட்டில்வரை வந்தார். சமைக்கிற குசினிக்கும் போனார். ராத்தா சாய்ந்து உட்காருகிற கதிரைக்கும் போனார். நாங்கள் மூவரும் அவருக்கு வழி விட்டு நின்றோம். பல வருசம் அந்த வீட்டைக் கூட்டித் துடைத்த பெண், அன்றைக்கு முதல் தரம் அதைக் காதால் கேட்டுக்கொண்டு நடந்தார்.

பிறகு கேள்விகள் வந்தன. பை இனிமேல் நஞ்சா? கிதாபை என்ன செய்வது? அதிகாரி பையைத் தட்டிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் கொண்டுபோய் மீட்டரை வைக்கச் சொன்னார். வெறும் டிக், டிக். லாம்பு வெளிச்சம் சுவரில் படும், லாம்பை எடுத்தால் வெளிச்சம் சுவரில் ஒட்டியிருக்காது, இதுவும் அப்படித்தான் என்றார். அதை நான் தமிழில் சொன்னபோது, லாம்புக்கடைக்காரியான அவருக்கு அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. கிதாபை எடுத்துக் கண்ணில் ஒற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

கடைசியாக, கேட்கலாமா விடலாமா என்று தயங்கி, மீட்டரை மருமகளின் வயிற்றுக்கு நேரே பிடித்தார். ராத்தா அசையாமல் நின்றார். டிக், டிக் என்று அது மெதுவாக அடித்தது.

"இது புள்ளட சத்தமா?" என்றார் மாமியார்.

இல்லை அம்மா, இது வீட்டின் சத்தம், எங்கே பிடித்தாலும் இவ்வளவு வரும் என்றார் அதிகாரி. ஆமென்று தலையாட்டி விட்டிருக்கலாம். அந்த நேரத்துக்கு அது இனிப்பாக இருந்திருக்கும். ஆனால் அவர் அந்த வீட்டில் ஒரு சொல் கூடக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அதனால்தான் கடைசியாக அவர், பெட்ஜுக்குத்தான் அவ்வளவும் பட்டது, உங்கள் மருமகளுக்கு இல்லை, பிள்ளைக்கு இதனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொன்னபோது அவர்கள் நம்பினார்கள். அந்தச் சொல்லை அவர் கடைசிவரை செலவழிக்காமல் வைத்திருந்தார்.

"வீட்டுட சத்தம் எண்டாப் பரவால்ல. இந்த வீட்டுப் புள்ளதானே" என்றார் மாமியார்.

பெட்டியைத் திறக்காமல் பிளாஸ்டிக்கில் சுற்றி அலுவலகத்துக்கு எடுத்துப்போக ஏற்பாடு செய்தார் அதிகாரி. மேன்டில் தூள் மூச்சோடு உள்ளே போகக் கூடாது, அதனால் திறந்து பார்க்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னார். பெட்டி படியிறங்கியபோது மாமியார் வாசல்வரை போய் நின்றார். புருசனின் கடைசிச் சரக்கு அல்லவா.

அதிகாரியை நான் அதன் பிறகு காணவில்லை. அவருடைய பெயரைக் கூடச் சரியாகக் கேட்டு வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவரை நினைக்கிறேன். ஒரு மனிதரைச் சந்தேகப்பட எல்லாம் தயாராக இருந்த அறையில், அவர் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சந்தேகப்பட்டார். எங்கே பிழை என்று தெரியாத நேரத்தில் முதலில் பொருளைக் கேளுங்கள், ஆளைப் பிறகு கேட்கலாம். நான் உங்களுக்குத் தரக்கூடியது அவ்வளவுதான்.

மனேஜர் அடுத்த நாளே கலண்டரைக் கழற்றித் தன் கையாலேயே பலகையை மாட்டினார். ராத்தாவிடம் நேரே மன்னிப்புக் கேட்கவில்லை, அவருக்கு வராது. ஆனால் பின்னேரம் வேலை முடிந்து போகும்போது வாசலில் நின்று, "எல்லாரும் பெட்ஜைப் படுக்கப் போட்டாச்சோ?" என்று கேட்பார். இப்போதும் கேட்கிறார். உங்களையும் கேட்பார். விளங்காமல் முழிக்காதீர்கள்.

ராத்தாவுக்குப் பெண் பிள்ளை. சுகமாகப் பிறந்தது, சுகமாக வளர்கிறது. சென்ற மாதம் அவளுக்கு நெஞ்சுச் சளி. டாக்டர் படம் எடுக்கச் சொல்லி இங்கேதான் கொண்டுவந்தார்கள். ராத்தாவுக்கு அன்று லீவு, தாயாகத்தான் வந்திருந்தார். மாமியாரும் கூட. பிள்ளை மெஷினைக் கண்டதும் வீறிட்டது. வெளியே வாங்கில் உட்கார்ந்து பிள்ளையோடு காத்திருந்த வேறொரு தாய் அதைக் கேட்டுப் பயந்து, படம் எடுத்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா என்று மாமியாரைக் கேட்டிருக்கிறார்.

நான் உள்ளே ஈய அங்கியை எடுத்துக்கொண்டிருந்தேன். மாமியாரின் குரல் கேட்டது.

"படம் புடிக்கிற நேரம் கொஞ்சம் படும் மகள். அது ஒட்டி இரிக்காது. புள்ளக்கி நெஞ்சில என்ன எண்டு தெரிய வாணாமா? புள்ளயப் புடிக்கத் தேவையில்லாட்டி நீங்க எட்டி நில்லுங்க. எட்டி நிண்டா எவ்வளவு குறையும் எண்டு நான் நடந்து பாத்திரிக்கேன்."

இத்தனை வருசமாக நான் நோயாளிகளுக்குச் சொன்ன எதையும் விட அது தெளிவாக இருந்தது.

பிள்ளை துள்ளிக்கொண்டிருந்தது. ராத்தா பழக்கத்தில் என் கையிலிருந்த அங்கியை வாங்கக் கையை நீட்டிவிட்டார். மாமியார் உள்ளே வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"நீ போய் செவத்துக்குப் பின்னால நில்லு. நீ ஒவ்வொரு நாளும் நிக்கிறவ. எனக்கு இது ஒருக்காத்தான்."

ராத்தா வந்து என் பக்கத்தில் நின்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். பாரமான அங்கிக்குள் மாமியார் குள்ளமாகத் தெரிந்தார். பேத்தியின் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, எதையோ ஓதிக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

பொத்தானை ராத்தாவே அமத்தினார்.